உலகச் சந்தையில் எங்கள் வீட்டு மொய் நோட்டு

சாலவாக்கத்தில் எங்கள் வீட்டு மர பீரோவில் பட்டா, பத்திரம், ஜாதகக் கட்டு எல்லாவற்றுக்கும் மேல் தட்டில், மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருப்பவை மொய் நோட்டுகள். அப்பா காலத்து நீள நோட்டு, என் கல்யாண நோட்டு, பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது எழுதியது, புதுமனை புகுவிழாவுக்கு எழுதியது என்று ஒரு கட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள், உள்ளே யார் யார் எங்களுக்கு எவ்வளவு வைத்தார்கள் என்ற விவரம். உள்ளபடி சொன்னால் அது குடும்பத்தின் மொத்தக் கடன் பாக்கி. ஆனால் கடன் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த விசேஷத்துக்குப் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

நான் பள்ளிக்கூட அலுவலகத்தில் பேரேடு எழுதியே ஓய்வு பெற்றவன். தணிக்கைக்கு வந்தவர்களே என் கையெழுத்தைப் பாராட்டியதுண்டு. அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு பத்திரிகை வந்தால் நோட்டை எடுத்து, துணியை அவிழ்த்து, கண்ணாடியைத் தேடுவதற்குள் அடுப்படியிலிருந்து மனைவியின் தீர்ப்பு வந்துவிடும்.

"காது குத்துக்கு நூத்தியொண்ணு வெச்சாங்க. வீடு கட்டினப்போ வரல. அத்தை காரியத்துக்கு வந்து மூணு நாள் கூடவே நின்னாங்க. ஐநூத்தியொண்ணு வெச்சுடுங்க. இருந்து சாப்பிட்டுட்டே வாங்க."

நோட்டில் 101 மட்டும்தான் இருக்கும். மூன்று நாள் கூட நின்றது எந்தக் கலத்திலும் இருக்காது. வைகாசியில் மகனுக்குக் கல்யாணம் என்று முடிவானதும், இந்த ஏகபோகத்தை உடைத்து மொத்தக் கணக்கையும் என் கைபேசிக்குள் கொண்டுவந்துவிடுவது என்று தீர்மானித்தேன். தேவை ஓர் ஆப்.

மாப்பிள்ளைப் பையனே மகேந்திரா சிட்டியில் கம்ப்யூட்டர் வேலையில்தான் இருக்கிறான். கேட்டேன். "நான் டெஸ்டிங்பா. எழுதுறது வேற டீம்" என்றான். தமிழ்நாட்டில் எந்த அப்பா எதைக் கேட்டாலும் மகன் வேறு டீமில்தான் இருக்கிறான். போகிற போக்கில், "எக்செல்ல போட்டுக்கோங்க, அது போதும்" என்றும் சொன்னான். பேரேடு எழுதியவனைப் பார்த்து எக்செல் போதும் என்பதா! எனக்குள் இருந்த தொழிலதிபர் விழித்துக்கொண்டது அப்போதுதான்.

தெற்கே பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் மொய் விருந்தே தனியாக நடக்கிறது. கறிச்சோறு போட்டு, கம்ப்யூட்டரில் பதிந்து, பணம் எண்ணும் இயந்திரம் வைத்து, கையில் ரசீது கொடுத்து அனுப்புகிறார்கள். அந்த மென்பொருளையே வாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். அங்கே மொய் என்பது ஒளிவுமறைவு இல்லாத நிதி ஏற்பாடு. வாங்கியதைவிடச் சற்றுக் கூட்டித் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். எங்கள் பக்கம் அதில் பாதி பணம், மீதி மனத்தாங்கல். அந்த மீதிக்கு ரசீது கிடையாது.

ஆக, இணையம் வழியே வேலைக்கு ஆள் பிடிக்கும் ஃப்ரீலான்ஸ் தளங்களில் இறங்கினேன். இறங்குமுன் குலம் கோத்திரம் விசாரிப்பது என் வழக்கம். 1998இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் தாமஸ் மலோனும் ராபர்ட் லாபாக்கரும் எழுதிய கட்டுரையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டு ஈலான்ஸ் என்ற தளம் வந்தது. தொடங்கியவர்களில் ஒருவர் பம்பாய் ஐ.ஐ.டி.யில் படித்த பீரூத் சேத். 2001இல் அமெரிக்காவில் ரென்ட்-ஏ-கோடர் என்று ஒன்று. பந்தலும் பாத்திரமும் நாற்காலியும்தான் வாடகைக்குக் கிடைக்கும் என்று நினைத்திருந்தவனுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் 2012லேயே சிட்னியைச் சேர்ந்த ஃப்ரீலான்சர் நிறுவனம் அதை வாங்கிவிட்டதாம். ஊர் ஊராகப் பிரிந்திருந்தாலும் சேர்ந்து வேலை பார்க்க நினைத்த இரண்டு கிரேக்க நண்பர்கள் 2003இல் ஓடெஸ்க்கைத் தொடங்கினார்கள். அதுவும் ஈலான்ஸும் 2014இல் ஒன்றாகி, மறு வருஷம் அப்வொர்க் என்று பெயர் மாற்றிக்கொண்டன. இப்படிச் சம்பந்தம் செய்துகொள்வதில் எங்கள் சொந்தபந்தத்தைவிட இந்தத் தளங்கள் வேகம்.

நான் நுழைந்த தளத்தின் பெயர் வேண்டாம். வேலையை விவரிக்கும் கட்டத்தில் 'குடும்ப வரவு-செலவு மரபுக் கணக்கு மென்பொருள்' என்று கம்பீரமாக எழுதி, பட்ஜெட் கட்டத்தில் 5000 ரூபாய் என்று போட்டேன். அது தானாகவே டாலருக்கு மாறி 60 என்று நின்றது. தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த என் மனைவி, "அறுபதா போடுவாங்க? அறுபத்தொண்ணா ஆக்குங்க" என்றாள். ஆக்கினேன். உலகச் சந்தையில் 61 டாலருக்கு வேலை கொடுத்த முதல் ஆள் நானாக இருக்கலாம்.

காபி ஆறுவதற்குள் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. பாகிஸ்தான், வங்கதேசம், பிலிப்பைன்ஸ், உக்ரைன், கென்யா. வாழ்நாளில் என் சொல்லுக்கு இத்தனை பேர் பதில் சொன்னதில்லை. பாதிப் பேர், 'உங்கள் தேவையை முழுமையாகப் படித்துத் துல்லியமாகப் புரிந்துகொண்டேன்' என்றார்கள். எனக்கே அது அப்போது புரிந்திருக்கவில்லை. ஒருவர் எங்கள் நாய்த் தீவனக் கடை மேன்மேலும் வளர வாழ்த்தியிருந்தார். வேறு யாருக்கோ எழுதியதை அப்படியே ஒட்டிவிட்டார் போல. வாழ்த்து வாழ்த்துதானே என்று அவருக்கும் நன்றி எழுதினேன்.

சிக்கல், தேர்ந்தெடுப்பதில். எல்லாருக்கும் ஐந்து நட்சத்திரம். நாலே முக்கால் உள்ளவரைப் பார்த்தால் ஏதோ குற்றம் செய்தவர் மாதிரி தோன்றியது. எங்களுக்கா ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது? பக்கத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 919இல் ஒன்று, அதில் திருத்தம் செய்து 921இல் இன்னொன்று. ஊர்ச் சபை வாரியத்துக்கு வருகிறவருக்குக் கால் வேலிக்கு மேல் இறை கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். ஊரின் பகுதிகளான 30 குடும்பிலிருந்தும் தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரமறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். எனக்கு மிகப் பிடித்த விதி வேறு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் நிற்கவே கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய தாய்மாமன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள் என்று ஒரு நீண்ட பட்டியலும் நிற்கக் கூடாது. இந்தத் தளங்களில் பெயர் கெட்டவர் தம்பி பெயரில் புதுக் கணக்கு தொடங்கினால் என்ன செய்வார்களோ? உத்திரமேரூரில் 1100 வருஷத்துக்கு முன்பே தம்பியையும் சேர்த்துத் தடுத்தாயிற்று.

நானும் குடவோலைக்குத் தயாராகி, பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதி, பித்தளைச் சொம்பில் போட்டு, எதிர்வீட்டுச் சிறுவனையும் கூப்பிட்டுவிட்டேன். சொம்பைத் தேடி வந்த மனைவி, "இத்தனை பேர்ல ஒருத்தராவது மொய்னா என்னான்னு கேட்டாங்களா?" என்றாள். தேடிப் பார்த்தால் ஒரே ஒருவர் கேட்டிருந்தார். அவர் விண்ணப்பம் மொத்தமே ஒரு வரிதான்: "மொய் என்றால் என்ன?" செர்பியாக்காரர். கதையாக இருந்தால் அவர் பக்கத்து ஊர் எடமிச்சிக்காரர் என்று கடைசியில் தெரியவரும். இல்லை, நிஜமாகவே செர்பியாதான்.

மணிக்கணக்கில் கூலி பேசத்தான் எனக்கு ஆசை. அதில் ஒரு வசதி உண்டு என்று படித்திருந்தேன். ஓடெஸ்க் காலத்திலிருந்தே இருக்கும் ஏற்பாடு அது: 10 நிமிஷத்துக்கு ஒருமுறை வேலையாளின் திரையைப் படம் பிடித்து முதலாளிக்குக் காட்டும். நடவு வயல் வரப்பில் குடை பிடித்து நிற்பதுபோல, செர்பியாவில் ஒருவர் குனிந்து வேலை செய்வதைச் சாலவாக்கம் திண்ணையிலிருந்து பார்க்கலாம். வீட்டில் யாரையும் மேற்பார்வையிட்டுப் பழக்கமில்லாதவனுக்கு அது எவ்வளவு பெரிய சுகம்! "உங்களை ஆபீஸ்ல அப்படிப் படம் எடுத்திருந்தா என்னா ஆயிருக்கும்?" என்று மனைவி கேட்டாள். மகன் இன்னும் நுட்பமாகச் சொன்னான்: "அவர் கேக்குற கேள்விக்கு நீங்க யோசிக்கிற நேரத்துக்கும் மீட்டர் ஓடும்பா." மொத்தத் தொகை பேசினோம்.

பணத்தை முன்கூட்டியே தளத்தில் கட்டிவிட வேண்டும். அது நடுவில் பத்திரமாக இருக்கும். வேலை திருப்தி என்று நாம் விடுவித்த பிறகு, தளம் தன் தரகை எடுத்துக்கொண்டு மீதியை அவருக்குக் கொடுக்கும். தரகு சாமானியமானதல்ல. அப்வொர்க்கில் முன்பு முதல் 500 டாலருக்கு 20 சதவீதம். 2023இல் எல்லாவற்றுக்கும் 10 என்று ஒன்றாக்கி, 2025இல் அதையும் மாற்றினார்கள். நடுவில் நிறுத்தி வைக்கும் ஏற்பாட்டைக் கேட்டதும் மனைவி முகம் மலர்ந்தது. "நல்லாருக்கே. மொய்யையும் இப்படி நடுவுல ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு, சாப்பாடு நல்லா இருந்தா மட்டும் விடச் சொல்லலாம்."

பிறகு ஆரம்பித்தன கேள்விகள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அலுவலக ஆங்கிலம். 'பார்வையில் கண்ட தங்கள் கடிதத்தின்படி' என்று தொடங்கித்தான் எனக்கு எதையும் எழுத வரும்.

முதல் கேள்வி, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன போடுவது? நோட்டில் இருப்பவர்கள்: மு. மணி, டீக்கடை மணி, நெட்டை மணி, மணி (குரும்பிறை), மணி அண்ணன் மச்சான். ஒவ்வொருவருக்கும் தனி அடையாளம் வேண்டும், கைபேசி எண் தாருங்கள் என்றார். 1987இல் குரும்பிறை மணிக்குக் கைபேசியா?

இது கடனா? ஆமாம், ஆனால் அப்படிச் சொல்லக் கூடாது. வட்டி உண்டா? கிடையாது, ஆனால் வாங்கியதையே திருப்பி வைத்தால் அவமானம். எந்தத் தேதிக்குள் திருப்ப வேண்டும்? அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது. விசேஷமே வராவிட்டால்? அதற்கு நான் இரண்டு பக்கம் பதில் எழுதினேன். அதைப் படித்த செர்பியாக்காரர் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டார்.

தொகைக் கட்டத்தில் எண் மட்டும்தான் ஏறும். குத்துவிளக்கு ஏறாது, அண்டா ஏறாது. சுவர்க் கடிகாரம் இன்னும் சிக்கல். எங்களுக்கு வந்த கடிகாரத்தை நாங்கள் வேறொரு கல்யாணத்தில் கொடுத்து, அது எங்கெங்கோ சுற்றி, மகளின் மஞ்சள் நீராட்டுக்கு எங்களுக்கே திரும்பி வந்தது. இதை வரவில் வைப்பதா, கடன் தீர்ந்தது என்பதா? தணிக்கை விதிகள் எதிலும் இதற்கு இடமில்லை.

மாதிரி ஒன்று அனுப்பினார். அழகான பச்சைத் திரை. நான் பெருமையோடு காட்ட, மனைவி பார்த்த மாத்திரத்தில் கேட்டாள்: "ஒத்த ரூபாய எங்க?" 101 எல்லாம் 100, 501 எல்லாம் 500. தட்டச்சுப் பிழை என்று நினைத்து மனுஷர் அத்தனையையும் திருத்தியிருக்கிறார். "இதை யாராவது பாத்தா என்னா நெனப்பாங்க? காரியத்துக்கு வெச்ச மாதிரியில்ல இருக்கு!"

அன்று சாயங்காலமே வீடியோவில் பேசினார்கள். மனைவி தமிழில், அவர் ஆங்கிலத்தில், இடையில் வேறு டீம்காரன். என்னைப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். அவள் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள்: "மொய் ஆளுக்கு இல்ல தம்பி, வீட்டுக்கு. மணி வெச்சாலும் மணி பொண்டாட்டி வெச்சாலும் அது அந்த வீடு. புள்ளைங்க தனிக்குடித்தனம் போனா அப்போ ரெண்டு வீடா பிரிச்சுக்கோ." அவ்வளவுதான், அவர் முகத்தில் வெளிச்சம். ஆள் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டுப் பட்டியல் போட்டார். ஒரு வீட்டுக்குக் கீழே எத்தனை மணி வேண்டுமானாலும் வரலாம், குடும்பப் பெயர் தேவையில்லை, வீடு பிரிந்தால் பாக்கியும் பிரியும். பொருளுக்குத் தனிக் கலம். கூடவே 'வருத்தம்: ஆம் / இல்லை' என்று ஒரு கலம். அது போதாது, லேசான வருத்தம் என்று நடுவில் ஒன்று வேண்டும் என்றாள். கூடுதல் காசு கேட்காமல் சேர்த்துக் கொடுத்தார்.

வேலை முடிந்து பணத்தை விடுவித்தேன். இந்தத் தளங்களில் நாம் அவருக்கு நட்சத்திரம் போடுவதுபோல் அவரும் நமக்குப் போடலாம். இரண்டு பேரும் எழுதி முடித்த பிறகுதான் இரண்டும் தெரியும். நான் ஐந்து போட்டேன். அவர் நான்கு போட்டு, 'வாடிக்கையாளர் மரியாதையானவர். கேள்விகளை அவர் மனைவியிடம் கேட்கவும்' என்று எழுதியிருந்தார். நாலே முக்கால் நட்சத்திரக்காரர்களைப் பற்றியே முன்பு நான் என்ன நினைத்தேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும்.

ஆப் நன்றாகவே ஓடுகிறது. கடவுச்சொல் என்னிடம் இல்லை.

வைகாசியில் வரப்போகும் உறவினர்களுக்கு ஒரு விண்ணப்பம். மொய் எழுதும் மேஜையில் இந்த முறை நான்தான் கைபேசியோடு உட்கார்ந்திருப்பேன். தயவுசெய்து எந்த ஊர், யார் வீடு, தனிக்குடித்தனம் போயாயிற்றா என்பதைச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். பட்டப்பெயர் சொன்னாலும் ஏற்றிக்கொள்வோம். "அண்ணிக்குத் தெரியும், எழுதிக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பந்திக்குப் போய்விடாதீர்கள். சுவர்க் கடிகாரம் வேண்டாம்.