ஏலக்காய் தட்டிப்போட்ட எக்ஸ்-ரே

குமுளியில் டீ குடித்தவர்களுக்குத் தெரியும்: பாலும் தூளும் எந்த ஊரிலும் உண்டு, ரெண்டு ஏலக்காய் தட்டிப்போட்டால்தான் அது குமுளி டீ. எக்ஸ்-ரே உலகம் இந்த ஞானத்தை அடைய ஊரெல்லாம் சுற்றியது.

1895 நவம்பரில் ராண்ட்ஜன் கருவியை மூடி மறைத்துவிட்டு இருட்டில் நிற்க, தள்ளிக் கிடந்த பேரியம் பிளாட்டினோசயனைடு அட்டை தன்பாட்டுக்கு ஒளிர்ந்தது. மறுவருஷமே, எக்ஸ்-ரே பட்டால் இன்னும் நன்றாக ஒளிரும் பொருளைத் தேடி, எடிசன் மளிகைக்கடையைக் கவிழ்த்த மாதிரி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சரக்குகளைச் சோதித்து கால்சியம் டங்ஸ்டேட்டைப் பிடித்தார். அது சுத்த சைவம். எதையும் கலக்காமலே நீலமாக ஒளிரும்.

1948-ல் ஹாஃப்ஸ்டாடர் என்ற இயற்பியலாளர் சோடியம் அயோடைடில் துளி தாலியம் போட்டார். அந்தக் காலத்து எலிப் பாஷாணம்! உப்பு சாகவில்லை, பளிச்சென்று மின்னியது. 1961-ல் அவருக்கு நோபல் கிடைத்தது, வேறு வேலைக்கு.

உள்ளே நடப்பதைப் புரிந்துகொள்ள, கேரள எல்லையில் இருந்த வாளையார் வரிச்சாவடியை நினைத்துக்கொள்ளுங்கள். கதிர் பட்டதும் படிகத்துக்குள் எலக்ட்ரான்கள் லாரி மாதிரி அலைகின்றன. கலந்த அணு செக்போஸ்ட். நிறுத்தி, சக்தியை ஒளியாக வசூலித்துக்கொண்டு அனுப்பும். ரசீது என்ன நிறம், எவ்வளவு நேரத்தில் என்பதெல்லாம் சாவடிக்காரர் இஷ்டம். சீசியம் அயோடைடில் சோடியம் உட்கார்ந்தால் நீல ரசீது. பழைய இமேஜ் இன்டென்சிஃபயருக்கு அதுதான் பிடிக்கும். தாலியம் உட்கார்ந்தால் மஞ்சள்பச்சை. இன்றைய டிஜிட்டல் பேனலின் சிலிக்கானுக்கு அதுதான் கண்ணில் படும். கடோலினியம் ஆக்சிசல்பைடில் டெர்பியம் தாராளப் பிரபு, ஆனால் ஆமை. பிரசியோடைமியம் கொஞ்சம் கஞ்சன், ஆனால் சட்டென்று முடித்துவிடுவார். அதனால் சுழலும் சி.டி. ஸ்கேனில் அவருக்கே உத்தியோகம். சாவடிகளை நெருக்கி வைத்தாலோ, வசூல் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிமாறி ஒளியாகாமலே கரைந்துவிடும். இதற்கு விளக்கம் தேவையில்லை.

இந்தச் சாவடிக்காரர்களில் சிலர் நம்ம ஊர்க்காரர்கள். 1909-ல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டிய மணலில் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டார். பிரசியோடைமியமும் டெர்பியமும் அதற்குள்தான். இடுக்கி மலையிலிருந்து இறங்கும் பெரியாற்றின் கரையில், ஆலுவா பக்கம், 1952-ல் அருமண் ஆலை வந்தது. கயிறு திரித்தவர்கள் அந்த மணலை உதறிவிட்டுத்தான் வேலை பார்த்தார்கள்.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்து வாளையார் வரிச்சாவடிக்கு மூடுவிழா நடத்தியது. படிகத்துக்குள் மட்டும் வசூல் நிற்கவில்லை. நின்றால் உங்கள் எலும்பு தெரியாது.