வாக்கு வந்தது, பெட்டி வரவில்லை

நயினாதீவில் நாகபூசணி அம்மன் ஆட்சி நடத்துகிறாள். அவளிடம் படிப்புத் தகுதி கேட்ட ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. நெடுந்தீவு தொடங்கி ஊர்காவற்றுறை வரை சீதனக் காணியும் பெண்ணின் பெயரில்தான். விற்கப் போனால் மட்டும் யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டப்படி புருஷன் சம்மதிக்க வேண்டும். வாக்கின் கதை வேறு.

1927 டிசம்பரில் கொழும்பில் அக்னஸ் டி சில்வா முதலிய பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தொடங்கி, இலங்கையின் ஆட்சிமுறையை ஆராய வந்த டொனமூர் ஆணைக்குழுவின் முன் போய் நின்றார்கள். தோட்டத்துத் தமிழ்ப் பெண்களுக்கும் வேண்டுமோ என்று துரைமார் மடக்கப் பார்த்தார்கள். அவர்களும் பெண்கள்தானே என்றார் அக்னஸ்.

சேர் பொன்னம்பலம் இராமநாதனுக்கோ பொறுக்கவில்லை. 1913 இல் பெண்களுக்கென்றே மருதனார்மடத்தில் கல்லூரி கட்டிய மனிதர்! அவருடைய மனைவி லீலாவதி அம்மையார் ஆஸ்திரேலியாக்காரி. அங்கே வெள்ளைக்காரப் பெண்கள் 1902 இலேயே வாக்குரிமை பெற்றுவிட்டார்கள். அந்தச் சேதி சேரின் விறாந்தையைத் தாண்டி உள்ளே போகவில்லைப்போலும். பெண்கள் படிக்கலாம், தேவாரம் பாடலாம்; வாக்கு மட்டும் ஆகாது. 1930 நவம்பரில் அவர் காலமானார். அடுத்த ஆண்டே 21 வயது வந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு. புருஷன் சம்மதமில்லாமல் பாவிக்கக்கூடிய ஒரு சொத்து!

பாவிக்க விட்டால்தானே? யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பெடியள் வந்தார்கள். சாதி பாராமல் சமபந்தி நடத்திய நல்ல பெடியள்தான். ஆனால் டொனமூர் தந்த அரைகுறை ஆட்சி வேண்டாம், பூரண சுயராச்சியமே வேண்டும் என்று 1931 தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை நான்கிலும் ஒரு வேட்புமனுகூட இல்லை. அந்த ஆண்டு காங்கிரஸ் மகாநாட்டுக்குத் தலைமை தாங்க வந்தவர் யாரென்றால், 1926 இல் சென்னை மாகாணத்தில் தேர்தலுக்கே நின்று பார்த்த கமலாதேவி சட்டோபாத்யாய.

தென்னிலங்கை இந்தத் தவத்தில் சேரவில்லை. அங்கே அந்த ஆண்டே அடலின் மொலமூரே அரசாங்க சபைக்குப் போய்விட்டார்; 1932 இல் வடகொழும்பிலிருந்து நேசம் சரவணமுத்துவும் போனார். தீவுப் பெண்களோ நாடு முழுச் சுதந்திரம் பெறும்வரை பொறுத்திருக்க வேண்டியவர்கள் ஆனார்கள். அவர்களிடம் கேட்டுத்தான் பகிஷ்கரித்தார்களா? தங்கள் வாக்கைத் துறப்பதற்கு ஆண்களுக்கு உரிமையுண்டு. மனுசியின் வாக்கையும் சேர்த்துத் துறந்ததுதான் தியாகத்தின் உச்சம்.

சுயராச்சியம் வரவில்லை, பெடியளுக்கும் மூத்தவர்களுக்கும் அலுப்பு வந்தது. 1934 இல் இடைத்தேர்தல். ஊர்காவற்றுறைக்கு நெவின்ஸ் செல்வதுரை தெரிவானார். மற்ற மூன்று தொகுதிகளுக்கும் மகாதேவா, நடேசன், ஜி. ஜி. பொன்னம்பலம். நாலும் ஆண்கள். இராமநாதன் இருந்திருந்தால், இதற்கா இவ்வளவு பயந்தேன் என்று தலைப்பாகையைக் கழற்றி வைத்திருப்பார்.