இடியம்ஸ் சார்

தல்லாகுளத்து டீக்கடை பெஞ்சில் இவர் இல்லாத காலை கிடையாது. கருவூலத்திலோ மின்வாரியத்திலோ முப்பது வருஷம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவர். ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் நாலு சுற்று நடந்துவிட்டு, அக்குளில் இந்து பேப்பரோடு வந்து உட்காருவார். பேசுவதெல்லாம் தமிழ்தான். பேச்சை முடிக்கும்போது மட்டும் ஆங்கிலம் வந்துவிடும். ஐப்பசித் தூறல் நாலு சொட்டு விழுந்தால் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'. தெருவில் யாராவது காலமானால் 'ஹி கிக்ட் த பக்கெட்'. அதையும் துக்கவீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியபடி, முகத்தில் முழுத் துக்கத்தோடு சொல்வார். சொல்லிவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக இரண்டு நொடி நம்மைப் பார்ப்பார். ஊர் இதைப் பகட்டு என்கிறது. வெள்ளைக்காரன் போயும் மோகம் போகவில்லை என்று தமிழய்யாக்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். இருவர் சொல்வதும் தப்பு என்பது என் கட்சி. இவரைப் பிடித்து ஆட்டுவது அசல் மதுரைச் சீமைச் சொலவடைப் பழக்கம்.

உசிலம்பட்டிப் பக்கம் பாகப்பிரிவினைப் பேச்சு நடக்கும் விதத்தைப் பாருங்கள். பத்திரம், ரசீது, சாட்சி எல்லாம் பேசி ஓய்ந்தபிறகு, மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கும் அப்பத்தா, "ஆடத் தெரியாதவ கூடம் கோணன்னாளாம்" என்று ஒன்றை எடுத்துவிடும். அதோடு சரி, மேலே அப்பீல் இல்லை. நம்ம சார் இடியத்தை வைப்பதும் அச்சாக அதே இடத்தில்தான். மோகம் என்றால் மொழி முழுவதன் மேலும் அல்லவா இருக்க வேண்டும்? ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்தை வாங்கியவர் இடியம்ஸ் அத்தியாயத்துக்கு வந்ததும் அங்கேயே குடியேறிவிட்டார்; டென்ஸும் பிரெபொசிஷனும் அவருக்கு வெறும் வழிச்செலவு. அமெரிக்காவில் இருக்கும் பேரன் வீடியோ காலில் ஆங்கிலத்தில் பேசினால் "யெஸ், யெஸ்" என்று போனைப் பாட்டியிடம் தள்ளிவிடுவார். அவருக்கு வேண்டியது உரையாடல் இல்லை, தீர்ப்பு. எதிரில் இருப்பவரும் வாயை மூடிக்கொள்கிறார். அப்பத்தாவிடம் அர்த்தம் புரிந்து மூடினார்கள், இவரிடம் புரியாமல் மூடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்றும் உண்டு. பீட்டர் பெர்சிவல் தொகுத்த தமிழ்ப் பழமொழி நூலின் 1874ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆறாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. டேனிஷ் பாதிரியார் ஜென்சன் 1897இல் தம் பங்குக்கு ஒரு தொகுப்பு போட்டார். அவர்களை யாரும் தமிழ் மோகிகள் என்று ஏசவில்லை, அறிஞர்கள் என்றோம். நம்மவர் கட்டுரை நோட்டில் சிவப்புக் கோடு போட்டு எழுதிச் சேர்த்தால் மட்டும் கிறுக்கா?

சொலவடை மண்ணில் முளைத்தது, இடியம் ஒட்டாது என்பார்கள். நியாயமான ஆட்சேபம், சாரே அதற்குத் தினமும் சாட்சி சொல்கிறார். கடனில் தவிக்கும் மருமகனிடம் 'டேக் த புல் பை த ஹார்ன்ஸ்' என்கிறார். மருமகன் பாலமேட்டுக்காரர். அங்கும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டில் திமிலைத்தான் தழுவ வேண்டும். கொம்பைப் பிடிக்கக் கூடாது என்று 2017இல் வந்த அரசு விதியே இருக்கிறது. பழைய பகையை மறக்கச் சொல்லி 'வாட்டர் அண்டர் த பிரிட்ஜ்' என்பார். 1889இல் திறந்த ஏ.வி. பாலத்துக்குக் கீழே, அழகர் இறங்கும் சித்திரைக்கே வைகை அணையில் தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கில் பங்காளியை மன்னிக்க நீர்வளத் துறையின் உத்தரவு வேண்டும். பூனையும் நாயுமாகப் பெய்யும் மழையோ இங்கிலாந்திலேயே பழசு; தேய்ந்த பேச்சைக் கிண்டல் செய்வதற்கென்றே 1738இல் ஜோனதன் ஸ்விஃப்ட் வெளியிட்ட புத்தகத்தில் அது இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் அண்ணா நகர் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில், ஒரு தொட்டிச் செடிகூட வைக்காதவர் 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்கிறாரே, அவரிடம் யாராவது பட்டா கேட்டதுண்டா? சொலவடைக்குப் பொருத்தத்தைவிட கனம்தான் முக்கியம். கேட்பவருக்கு எதையோ பெரியவர் சொல்லிவிட்டார் என்று பட வேண்டும். அதில் சார் குறை வைப்பதில்லை.

இங்கிலீஷ் தெரியாத பையன்களைக் கூச வைக்கிறாரே என்பது மிச்சமிருக்கும் புகார். அதில் உண்மை இருக்கிறது, "அர்த்தம் தெரியுமாப்பா?" என்று டீ மாஸ்டரைக் கேட்பதை அவர் நிறுத்தலாம். ஆனால் பையன்களைக் கூச வைக்கும் வேலையை இவருக்கு முன்பே பரீட்சை செய்துவிட்டது. ஸ்டாஃப் செலக்‌ஷன் கமிஷன் தேர்வில் ஒரு இடியத்தைக் கொடுத்து நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறார்கள். மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகள் கோச்சிங் சென்டரில் பணம் கட்டி அதை உருப்போடுகிறார்கள். பேசுவதற்காக ஒருவரும் படிப்பதில்லை. சந்தேகம் வந்தால் பெஞ்சுக்கு வந்து, "சார், 'ஒயிட் எலிஃபண்ட்'னா என்ன சார்?" என்று கேட்டால், ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து அரைமணி நேரம் விளக்குகிறார். வேலை கிடைத்த பிள்ளைகள் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். சிம்மக்கல் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் அதைப் பேரம் பேசி வாங்கி, விட்டுப்போன இடியம் ஏதாவது இருக்கிறதா என்று நோட்டோடு ஒத்துப் பார்ப்பவரும் இவரேதான்.