ஒரு தோள் இறங்கிய ஜிம்னி

கேள்வி: ஆஃப்-ரோடு ஸ்பிரிங் மாட்டியபின் என் ஜிம்னி வலப்பக்கம் சாய்ந்து நிற்கிறதே, ஸ்பிரிங் கோளாறா? (வாசகர், மைசூரு)

பதில்: ஸ்பிரிங்கைக் கூண்டில் ஏற்றுமுன் தரையை விசாரிக்க வேண்டும். சாமுண்டி மலைச் சரிவில் அளந்தால் எந்த வண்டியும் கோணல்தான்! சமதளம், டயர்களில் சரியான காற்று, காலி வண்டி. சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் பிடிக்க வேண்டும்.

அடுத்த சந்தேகம் ரப்பர் புஷ். வண்டி லிப்டில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. தரையில் இறக்கியதும் முறுக்கிக்கொண்டு, உடலைத் தூக்கிப் பிடிக்கிறது. போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரம் தரையில் நிற்க, வண்டியைச் சற்று உருட்டி ஆட்டிவிட்டு மறுபடி இறுக்க வேண்டும். செலவே இல்லாத இந்த வைத்தியத்தைத்தான் பலரும் தவிர்க்கிறார்கள்.

பிறகு ஸ்பிரிங். அதன் முனை, ஸ்பிரிங்கைத் தாங்கும் தட்டின் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா? சில செட்களில் ஓட்டுநர் பக்க ஸ்பிரிங் சற்று உயரம். இடப்பக்க ஸ்டியரிங் நாடுகளுக்கான செட்டில் அந்தப் பக்கம் நமக்கு நேரெதிர்! பாகத்தின் எண்ணைப் பார்த்து மாற்ற வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் சில மில்லிமீட்டருக்கு, தாழ்ந்த பக்கம் ஒரு ஸ்பேசர் போதும். 2010-இல் வந்த மஹிந்திரா தாருக்கு அதுவும் வேண்டாம். முன்பக்க டார்ஷன் பார் போல்ட்டைத் திருகினாலே உயரம் ஏறும், இறங்கும். உயரம் மாறியதும் அலைன்மென்ட்டையும் ஹெட்லைட் கோணத்தையும் சரிபார்ப்பது கட்டாயம்.