பழைய டிராக்டர் பார்ப்பவர்

பழைய டிராக்டர் வாங்குபவர் வேறு, பார்ப்பவர் வேறு. வாங்குபவர் ஒரு நாள் போவார், விலை பேசுவார், வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். பார்ப்பவருக்குப் பார்ப்பதே வேலை. பொள்ளாச்சி, உடுமலை, ஆனைமலைப் பக்கங்களில் இந்த இனம் செழிப்பாக உண்டு. பெரும்பாலும் ஓய்வுபெற்றவர், பி.எஃப். பணத்தில் மூன்று ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கியவர். தோப்பு கிரயமான மாதமே, சொந்தமாக ஒரு மினி டிராக்டர் வேண்டும் என்ற ஆசை இவருக்குள் விதையாக விழுந்துவிடுகிறது. எட்டு வருடம் தண்ணீர் விட்ட பிறகும் அது விதையாகவே இருக்கிறது.

இவருடைய முன்னோர் மாட்டுச் சந்தையில் இருந்தவர்கள். காளையின் வாயைப் பிளந்து பல்லை எண்ணி வயதைச் சொல்வார்கள். சுழி பார்த்து ராசியைச் சொல்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலையைச் சொல்வார்கள். பேரனுக்குப் பல்லுக்குப் பதில் மணி மீட்டர் வாய்த்தது, சுழிக்குப் பதில் புகை. துண்டு மட்டும் அதே துண்டு. இப்போது அது கையில் படும் கிரீஸைத் துடைக்கிறது.

காலை பத்து மணிக்கு வரச் சொன்னால் இவர் ஏழு மணிக்கே போய் நிற்பார்.

“ஏனுங்க, பத்து மணிக்குத்தானே வரச் சொன்னேன்?” என்பார் புரோக்கர்.

“பஸ் சீக்கிரம் வந்துருச்சுங்க” என்பார் இவர், தம் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுக்கொண்டே.

இந்த அவசரத்துக்கு நியாயமான காரணம் உண்டு. தேய்ந்துபோன டீசல் எஞ்சின் சூடாக இருக்கும்போது சமர்த்தாக ஒரே திருகில் எழுந்துவிடும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பிறகுதான் முரண்டு பிடிக்கும். அதனால் விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைப்பதும், பார்ப்பவர் வந்ததும் வராததுமாக எஞ்சின் மேல் உள்ளங்கையை வைப்பதும் இந்த வியாபாரத்தின் மரபு. காய்ச்சல் பார்க்கும் தாயின் முகபாவம் அந்த நேரத்தில் இவருக்கு வரும். தாய்க்குச் சூடு இருந்தால் கவலை. இவருக்குச் சூடு இருந்தால் வண்டி வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்த நிம்மதி.

அடுத்தது புகை. குளிர்ந்த காலையில் வெள்ளைப் புகை கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் தவறில்லை. நிற்காமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது எங்கோ தண்ணீர் உள்ளே போகிறது. கறுப்புப் புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், நாசில் கெட்டிருக்கலாம், செலவு சிறியது. நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது, ரிங்கும் லைனரும் தேய்ந்திருக்கின்றன, செலவு பெரியது. பிறகு ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பார். அங்கிருந்து குப்குப்பென்று புகை அடித்தால் ‘பேக் கம்ப்ரஷன்’, அதாவது எரிந்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது. ஆயில் குச்சியை உருவி வெள்ளைத் துணியில் தேய்ப்பார். பால் விட்ட காபி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இவை எல்லாம் சரியான சோதனைகள். எந்த மெக்கானிக்கும் இவற்றைக் குறை சொல்ல மாட்டார். சிக்கல் என்னவென்றால், புகையே வராத வண்டியைப் பார்த்தாலும் இவர் முகம் தெளிவதில்லை. “புகையே இல்லீங்களே, என்னமோ பண்ணி வெச்சிருக்காங்க” என்று பக்கத்தில் நிற்பவர் காதில் சொல்வார்.

பெயின்ட் விஷயமும் இப்படித்தான். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் எதையோ மறைத்திருக்கிறார்கள். பழைய பெயின்ட் என்றால் வண்டியைக் கவனிக்கவே இல்லை. ஆனால் போல்ட் தலைகளை இவர் டார்ச் அடித்துப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. பெயின்ட் உரிந்து விளிம்பு பளபளக்கும் போல்ட்டில் ஸ்பேனர் பட்டிருக்கிறது. கியர் பெட்டியைச் சுற்றி அப்படி இருந்தால் ஏன் திறந்தார்கள் என்று கேட்டே ஆகவேண்டும்.

இவர் உயிரைக் கொடுத்து ஆராய்வது மணி மீட்டரை. டிராக்டருக்கு வயது கிலோமீட்டரில் இல்லை, ஓடிய மணியில்தான். பழைய வண்டிகளில் மீட்டர் கேபிள் வழியாக ஓடும். கேபிளைக் கழற்றினால் வயது நின்றுவிடும். மனிதருக்கு இந்த வசதி இல்லை. ஆகவே மீட்டர் சொல்வதை மற்ற உறுப்புகளிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும். கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழத்திருக்கிறதா, பின்னால் கலப்பை மாட்டும் பின் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கின்றனவா, கருவிகளுக்கு எஞ்சின் சுழற்சியைக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டின் பற்கள் கூர்ந்துவிட்டனவா என்று பார்த்தால் உண்மை தெரியும். காளையின் பல் எண்ணிய பரம்பரைக்கு இது கைவந்த கலை. பத்து வருட வண்டி 900 மணி காட்டினால் இவர் மனக்கணக்கு உடனே ஓடும்: “வருசத்துக்கு 90 மணி, வாரத்துக்கு ரெண்டு மணி கூட இல்ல. அதெப்படிங்க? வண்டிய வாங்கிப் பூஜை ரூம்லயா வெச்சிருந்தாங்க?” இந்தக் கேள்வியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது; கடைசியில் தேவைப்படும்.

லிஃப்ட் சோதனையில் இவருக்கென்று தனி முறை உண்டு. ரொட்டவேட்டரை மாட்டித் தூக்கச் சொல்லி, எஞ்சினை அணைக்க வேண்டும். சுமை மிக மெதுவாக இறங்கினால் பெரிய பழுதில்லை. கண்ணெதிரே இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு. இவர் இந்த இடைவெளியில் டீக்கடைக்குப் போவார். ஒரு டீயை 25 நிமிடம் குடிப்பார். திரும்பி வரும்வரை அந்தரத்தில் நிற்கும் ரொட்டவேட்டர் கோவை, திருப்பூர் இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து இதுவரை கிடைக்கவில்லை.

எந்த வண்டி வேண்டும் என்பதிலும் இவருக்குத் தெளிவு உண்டு, எது வேண்டாம் என்ற அளவில். மஹிந்திரா யுவராஜ் 215 என்றால் 15 குதிரைத்திறன், ஒற்றைச் சிலிண்டர்; “அதிருமுங்க, நமக்கு முதுகு ஆகாது.” வி.எஸ்.டி. சக்தியின் 180 டி என்றால் மூன்று சிலிண்டர், 18.5 குதிரைத்திறன், “இன்னுங் கொஞ்சம் பவர் இருந்தாத் தேவலைங்க.” குபோட்டா நியோஸ்டார் பி 2441 என்றால் 24 குதிரைத்திறன், நான்கு சக்கரமும் இழுக்கும், “நம்ம மூணு ஏக்கருக்கு அது எதுக்குங்க?” நான்கு சக்கர இழுவை வண்டியில் முன் டயரும் பின் டயரும் அளவில் பொருந்தவேண்டும், ஒரு ஜோடியை மட்டும் அளவு மாற்றிப் போட்டிருந்தால் முன் அச்சு அடிபடும் என்பதையும் அப்போது சொல்லிவைப்பார். சொல்வது சரிதான். ஆனால் யாரும் கேட்கவில்லை.

மினி டிராக்டர் யாருக்கு வேண்டும் என்பதைத் தோப்பே சொல்லும். தென்னைக்குத் தென்னை 25 அடி விட்டிருந்தால் பெரிய டிராக்டரே தாராளமாகப் போய்வரும். நடுவில் ஜாதிக்காயும் கோக்கோவும் வைத்து, சொட்டுநீர்க் குழாயும் ஓட்டியவருக்குத்தான் நாலடி அகலத்துக்குள் நுழையும் வண்டி அவசியம். இவர் தோப்பில் ஊடுபயிர் எதுவும் இல்லை. வண்டி வந்ததும் வைப்பதாக இருக்கிறார்.

காகித விஷயத்தில் இவரை ஏமாற்ற முடியாது. டிராக்டரில் இரண்டு எச்.பி. உண்டு. ஒன்று எஞ்சினின் திறன், மற்றொன்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் ஹைப்பாதிகேஷன் என்ற கடன் பதிவு. முதல் எச்.பி. எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம், இரண்டாவது இருக்கவே கூடாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் இல்லாமல் அது நீங்காது. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். சேஸிஸ் நம்பரைப் புத்தகத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுவார். படிவங்களின் வெற்றுப் பிரதிகள் இவர் பையில் எப்போதும் இருக்கும். ஓரம் மஞ்சளித்துவிட்டது.

எல்லாச் சோதனையிலும் தேறிவிடும் வண்டி எப்போதாவது ஒன்று வரும். இவர் வாழ்க்கையில் அதைவிட ஆபத்தான நேரம் கிடையாது. புரோக்கர் துண்டை நீட்டி, “என்னுங்க, முடிச்சுக்கலாமா?” என்பார். இவர் வண்டியை இன்னொரு சுற்று சுற்றுவார். டயரை ஒருமுறை உதைப்பார். பிறகு, “வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேனுங்க” என்பார். வீட்டில் எட்டு வருடமாக இதுபற்றி ஒரு வார்த்தையும் கேட்கப்படவில்லை. அம்மையார்தான் மாதம் ஒருமுறை, “இன்னிக்கு எந்த ஊருங்க?” என்று கேட்டுவிட்டுச் சோற்றுப் பாத்திரத்தைக் கட்டிக் கொடுக்கிறார்.

இத்தனை நாளும் தோப்பை உழுவது வாடகை வண்டிதான். பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் கூப்பிட்டால் வருவார். அரசின் வேளாண் பொறியியல் துறையும் வாடகைக்கு டிராக்டர் விடுகிறது. ஏக்கருக்கு இரண்டு மணி நேரம் என்று தாராளமாக வைத்து, வருடத்துக்கு நான்கு உழவு போட்டாலும் மூன்று ஏக்கருக்கு ஆகும் கணக்கு 24 மணி. பத்து வருடத்தில் 240 மணி. இவர் ஒரு வண்டி வாங்கி, ஒழுங்காக ஓட்டி, பத்து வருடம் கழித்து விற்கப் போனால், மீட்டரைப் பார்த்துவிட்டு வேறொரு பார்ப்பவர் கேட்பார்: பூஜை ரூம்லயா வெச்சிருந்தாங்க?

ஆகவே இவர் வாங்காமல் இருப்பதே இவர் செய்த சரியான கணக்கு. ஆனால் உண்மையிலேயே வண்டி வாங்கப் போகிறவர்கள் இவரைக் கட்டாயம் அழைத்துப் போகலாம். கூலி ஒரு டீ. அதற்கு இதைவிட முழுமையான சோதனை எங்கும் கிடைக்காது. முன்பணம் கொடுக்கும் அந்த ஐந்து நிமிடம் மட்டும் இவரை டீக்கடையிலேயே உட்கார வைத்துவிட வேண்டும்.