நியூ டவுனின் புகார்க் காண்டம்

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில் ராஜர்ஹாட் வயல்களைக் கையகப்படுத்தி, 1999இல் தொடங்கப்பட்ட ‘ஹிட்கோ’ என்னும் மேற்கு வங்க வீட்டுவசதி உள்கட்டமைப்பு மேம்பாட்டுக் கழகம் எழுப்பிய நியூ டவுன், மென்பொருள் வளாகங்களையும் அவற்றில் வேலை பார்ப்போர் குடியிருக்கும் அடுக்ககங்களையும் நகருக்கு அளித்ததோடு நில்லாமல், ஒரு புதிய மனித வகையையும் அளித்திருக்கிறது. அவ்வகையினரை முறையீட்டாளர் என்று அழைக்கலாம். வாடிக்கையாளர் சேவை கெட்டுவிட்டது, பத்திரிகைத் தரம் தாழ்ந்துவிட்டது என்று யாரும் அவ்வப்போது அலுத்துக்கொள்வதுண்டு. முறையீட்டாளரோ இவ்விரண்டையும் முழுநேரத் தொழிலாக ஏற்றுக்கொண்டவர். லேக் மார்க்கெட் பக்கம் தலைமுறைகளாக வேரூன்றிய கொல்கத்தாத் தமிழருக்கு ஒரு குறை என்றால், கடைக்காரரிடம் நேரில் போய்ச் சத்தம் போடும் வசதி உண்டு. பணி ஓய்வுக்குப் பின் மகன் வீட்டோடு வந்து பதினான்காம் மாடியில் குடியேறிய நியூ டவுன் தமிழருக்கோ சத்தம் போட ஆள் இல்லை, எண் மட்டுமே இருக்கிறது.

இவரை வெறும் சிடுமூஞ்சி என்று எண்ணிவிடக் கூடாது. சிடுமூஞ்சி வீட்டாரிடம் எரிந்து விழுவார். முறையீட்டாளர் வீட்டில் பரம சாது, ஏனெனில் கோபத்தை அவர் சில்லறையாகச் செலவழிப்பதில்லை. அரசு அலுவலகத்திலோ வங்கியிலோ கோப்பு எழுதியே தலை நரைத்தவராகையால், கடிதம், நினைவூட்டல், இரண்டாம் நினைவூட்டல், மேலிடத்துக்கு நகல் என்ற வரிசை அவர் இரத்தத்தில் ஊறியது. தம் பணிக்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களை இவர் எத்தனை முறை நாளைக்கு வரச் சொன்னார் என்பதற்கு மட்டும் பதிவேடு ஏதும் இல்லை. காலையில் நாளிதழும் சிவப்புப் பேனாவும், பகலில் தொலைபேசி, இரவு ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சி விவாதம் என்று இவரது நாள் மூன்றாக வகுக்கப்பட்டிருக்கிறது.

பகற்பணிக்குரிய ஆயுதம், ஒரு வங்கி இலவசமாகக் கொடுத்த பழைய டைரி. ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்த அதன் பக்கங்களில் தேதி, டாக்கெட் எண், பேசியவர் பெயர், காத்திருந்த நிமிடம், அளிக்கப்பட்ட வாக்குறுதி என்று ஐந்து கட்டங்கள் உண்டு. டாக்கெட் எண் என்பது புகார் பதிவானதற்கு அடையாளமாக நிறுவனம் தரும் எண்; தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் வகுத்த விதிகளின்படி அதைத் தருவது கட்டாயம் என்பதும், புகாரின் முடிவில் நிறைவில்லாதவர் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்பை அணுகலாம் என்பதும், மேல்முறையீட்டை 39 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் இவருக்கு மனப்பாடம். நாற்பது என்று முழுதாக வைக்காமல் 39 என்று வைத்தவர் தம்மைப் போலவே கோப்பு பார்த்த ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று அந்த விதியின்மேல் இவருக்குத் தனி மரியாதை உண்டு. ‘நிறைவேறியது’ என்று குறிப்பதற்காக ஆறாவதாக ஒரு கட்டமும் தொடக்கத்தில் இருந்தது. நாளடைவில் அதில் மருந்துச் செலவு எழுதப்பட்டு வருகிறது.

எண்ணை அழைத்ததும் முதலில் எதிர்ப்படுவது ஐவிஆர், அதாவது பதிவு செய்த குரலால் தெரிவுகளை அடுக்கிச் சொல்லி, அழைப்பவர் அழுத்தும் எண்ணுக்கேற்ப வழிகாட்டும் அமைப்பு. வங்க மொழிக்கு ஒன்று, இந்திக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று என்று தொடங்கும் அந்தக் குரல், பில் கட்டுவதற்கு ஒரே படியிலும் குறை சொல்வதற்கு ஏழாம் படியிலும் வாசல் வைத்திருப்பதை முறையீட்டாளர் வரைபடமாகவே போட்டு வைத்திருக்கிறார். பாண்டியன் வாயிலில் ஒற்றைச் சிலம்போடு நின்ற கண்ணகிக்கும் முதலில் வாய்த்தவன் ஒரு வாயிற்காவலன்தான். ஆனால் அவன் வந்தவளின் கோலத்தைக் கண்ணால் கண்டான், உள்ளே விரைந்தான், கண்டதைக் கண்டபடி மன்னனிடம் சொன்னான், வரச்சொல் என்றதும் அழைத்துச் சென்றான். மாணிக்கப் பரல் பற்றிய புகாருக்கு ஒன்றையும் முத்துப் பரல் பற்றிய புகாருக்கு இரண்டையும் அழுத்துக என்று அவன் சொல்லியிருந்தால், மதுரை வாயிலிலிருந்தே எரியத் தொடங்கியிருக்கும் என்பது இவர் கட்சி.

வங்க மண்ணிலும் இவருக்கு ஒரு முன்னோடி உண்டு. ஒகில் சந்திர சென் என்பவர் 1909இல் சாகிப்கஞ்ச் இரயில்வே கோட்ட அலுவலகத்துக்கு எழுதியதாக வழங்கும் கடிதம் புகழ்பெற்றது. பலாப்பழம் தின்று வயிறு உப்பி, அகமத்பூர் நிலையத்தில் ஒதுங்கப் போன நேரத்தில் கார்டு வண்டியைக் கிளப்பிவிட, ஒரு கையில் செம்பும் மறு கையில் வேட்டியுமாக ஓடி, நடைமேடையில் ஆணும் பெண்ணும் பார்க்க விழுந்த கதையை இலக்கணத்துக்கு அடங்காத ஆங்கிலத்தில் அவர் கொட்டியிருந்தார். கீழ்வகுப்புப் பெட்டிகளில் கழிப்பறை வந்ததே அதன் பிறகுதான் என்று கதை சொல்கிறார்கள். முறையீட்டாளருக்கு அக்கதையில் ஆற்றாமை உண்டு. ஒரே கடிதம், டாக்கெட் எண் இல்லை, நினைவூட்டல் இல்லை, பிழையான நடை வேறு. பலன் மட்டும் தேசத்துக்கே. இவரோ பிழையற்ற நடையில் எழுதிய மூன்றாம் நினைவூட்டலுக்கு, ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்கள் கவலையை நாங்கள் முழுமையாகப் புரிந்துகொள்கிறோம்’ என்ற அதே பதிலை மூன்றாம் முறையாகப் பெறுகிறார்.

மறுமுனையில் பேசும் பெண்ணின் நிலைமையையும் சொல்லியாக வேண்டும். கால் சென்டர்களில் ‘சராசரிக் கையாளும் நேரம்’ என்று ஓர் அளவு உண்டு. ஓர் அழைப்பைப் பேசி முடித்துப் பதிவு செய்ய ஊழியர் எடுத்துக்கொள்ளும் நேரத்தின் சராசரி அது. நேரம் நீண்டால் மதிப்பெண் குறையும், மதிப்பெண் குறைந்தால் ஊக்கத்தொகை குறையும் என்பதால், தம் மோடத்தின் வரலாற்றை அது வாங்கப்பட்ட தீபாவளியிலிருந்து தொடங்கும் ஒரு பெரியவர் அந்தப் பெண்ணுக்கு மாதக் கடைசியில் நேரும் விபத்தாகிறார். பிழையைத் திருத்தும் அதிகாரம் அவளுக்குத் தரப்படவில்லை. வருந்துகிறோம் என்று சொல்லும் அதிகாரம் மட்டும் தாராளமாகத் தரப்பட்டிருக்கிறது. சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் இரவுப் பணி முடித்து இவர் குடியிருப்புக்கே திரும்பும் அப்பெண்ணும் நடைப்பயிற்சிக்குக் கிளம்பும் இவரும் லிஃப்டில் ஒருவருக்கொருவர் தலையசைத்துக்கொள்வதுண்டு. அவள் இவரை வங்காளி முறைப்படி ‘காக்கு’ என்று சிற்றப்பாவாக்கி அழைக்க, இவர் அவளைச் சாப்பிட்டாயா என்று விசாரிக்கிறார்.

வினோதம் என்னவென்றால், இவர் டைரியில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற வாடிக்கையாளர் சேவை ஒரு மோசடிக் கும்பலுடையது. ஐந்தாம் செக்டாரிலும் நியூ டவுனிலும் வாடகைக்கு இடம் பிடித்து, உங்கள் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது, உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது என்று உள்நாட்டாரையும் வெளிநாட்டாரையும் மிரட்டிப் பணம் பறிக்கும் போலிக் கால் சென்டர்களைப் பிதான்நகர் காவல் ஆணையரகம் பலமுறை சோதனையிட்டுப் பிடித்திருக்கிறது. அப்படியொரு கும்பலைச் சேர்ந்தவன் முறையீட்டாளரைத் தானாகவே அழைத்தான். ஐவிஆர் இல்லை, இசை இல்லை. மோடத்தின் வரலாற்றைத் தீபாவளியிலிருந்து கேட்டான். முழங்கால் வலியை விசாரித்தான். மாலை நான்கு மணிக்கு மீண்டும் அழைப்பதாகச் சொல்லி நான்கு மணிக்கே அழைத்தான். ஓடிபி எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லைக் கேட்டபோதுதான் மருமகள் தொலைபேசியைப் பிடுங்கினாள். பணம் தப்பியது பற்றி இவருக்கு மகிழ்ச்சியே; ஆனாலும் பேசியவர் பெயர், வாக்குறுதி ஆகிய கட்டங்களை நிரப்பிவிட்டு, நெடுநாளாக மருந்துக் கணக்கு எழுதிவந்த ஆறாம் கட்டத்தில் ‘நிறைவேறியது’ என்று எழுதும்போது பேனா சற்றும் தயங்கவில்லை.

சில வாரங்கள் கழித்து அத்தகைய ஒரு சோதனை பற்றிய செய்தி நாளிதழில் வந்தபோது, இவரது காலைப்பணியும் பகற்பணியும் ஒன்றாயின. செய்தியில் கட்டடம் இருந்த பகுதி தவறு, தலைப்பில் ஒரு தொகை, உள்ளே வேறொரு தொகை, கைதானவர்களின் எண்ணிக்கை முதல் பத்தியிலும் கடைசிப் பத்தியிலும் ஒத்துப்போகவில்லை. சிவப்புப் பேனா நான்கு வட்டங்களிட்டது. முன்பெல்லாம் செய்தியாளர் தந்ததை உதவி ஆசிரியர் சரிபார்த்துச் செப்பனிடுவார், மெய்ப்புத் திருத்துநர் எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். செலவைக் குறைக்கும் முயற்சியில் முதலில் மெய்ப்புத் திருத்துநரின் நாற்காலியும் பிறகு உதவி ஆசிரியர்களின் நாற்காலிகளில் பாதியும் காலியாயின. எஞ்சியவர் ஒரே இரவில் அச்சுக்கும் இணையத்துக்கும் சேர்த்து வேலை பார்க்கிறார். களத்தில் இருப்பவரோ பெரும்பாலும் ஸ்ட்ரிங்கர், அதாவது மாதச் சம்பளமின்றி அனுப்பும் செய்திக்குத் தகுந்த கூலி பெறுபவர். கால் சென்டர் பெண்ணுக்கு வாய்த்த கடிகாரமே இவர்களுக்கும் வாய்த்திருக்கிறது என்பதை முறையீட்டாளர் கவனிக்கவில்லை. பிழைக்குப் பொறுப்பேற்கப் பெயரும் முகமும் உள்ள ஒருவர் எங்கே என்று இரண்டு இடங்களிலும் தாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறோம் என்பதும் அவருக்குத் தோன்றியதில்லை.

துர்கா பூஜைக் காலத்தில் முதல் பக்கத்தைத் தேடுவதே ஒரு வேலை. முழுப்பக்க விளம்பரங்களை நாளிதழுக்கு மேலுறையாக மாட்டுவதற்கு ஜாக்கெட் என்று பெயர். நகைக்கடை, அடுக்ககம், கார், மீண்டும் நகைக்கடை என்று கழற்றிக்கொண்டே போனால் ஐந்தாவதாக முதல் பக்கம் வெளிப்படும். அதையாவது விளம்பரம் என்று அறிய முடிகிறது. காசு வாங்கிக்கொண்டு விளம்பரத்தைச் செய்தியாகவே அச்சிடும் பேய்டு நியூஸ் பற்றி, 2009 மக்களவைத் தேர்தலையொட்டி எழுந்த புகார்களை ஆராய இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் இருவர் கொண்ட துணைக்குழுவை அமைத்தது. குழு பெயர்களைக் குறிப்பிட்டு எழுதிய விரிவான அறிக்கையைக் கவுன்சில் 2010இல் சுருக்கியே வெளியிட்டது, முழு அறிக்கை வெளிவர மறு ஆண்டு மத்தியத் தகவல் ஆணையத்தின் உத்தரவு தேவைப்பட்டது. அக்குழுவின் உழைப்பைப் பாராட்ட முறையீட்டாளர் ஒருபோதும் தவறுவதில்லை; சுருக்கியவர்களைத்தான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ‘தி இந்து’ நாளிதழ் 2006இல் வாசகர்களின் ஆசிரியர் என்ற பதவியை ஏற்படுத்தி, பிழைகளை ஏற்றுத் திருத்தம் வெளியிடத் தொடங்கியதையும் அவர் அடிக்கடி நினைவுகூர்வார். தமக்குத் தக்க வேலை ஒன்று உலகில் இருக்கிறது என்று அவர் அறிந்துகொண்டபோது ஓய்வு பெற்றுவிட்டிருந்தார்.

அந்தக் காலத்தில் இப்படியா என்று இவர் தொடங்கும்போது மட்டும் இவர் குடியிருக்கும் நகரம் துணைக்கு வருவதில்லை. இந்தியாவின் முதல் அச்சுச் செய்தித்தாளான வார இதழ் இதே கொல்கத்தாவில் 1780 ஜனவரி 29இல் ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி வெளியிட்ட பெங்கால் கெஜட். ஊழலை அஞ்சாது தாக்கிய அதே தாளில், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸின் மனைவியைப் பற்றிய வம்பும், ஊர்ப் பெரிய மனிதர்களுக்குப் பட்டப்பெயர் சூட்டிய கேலியும் தாராளமாக இடம்பெற்றன. ஹிக்கி சிறை சென்றார். 1782இல் அச்செழுத்துகள் பறிமுதலாகி இதழ் நின்றது. தரம் எந்த உயரத்திலிருந்து வீழ்ந்தது என்று அளக்கப் புகுந்தால், தொடக்கமே பள்ளத்தில்தான் இருக்கிறது. இவரிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. பாரதி 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராக இருந்ததால், அன்றைய உதவி ஆசிரியர்கள் அனைவரும் பாரதிகள் என்று அவர் நம்புகிறார்.

இரவுப் பணி சற்றுச் சங்கடமானது. எட்டுப் பேர் எட்டுச் சதுரங்களில் ஒரே நேரத்தில் கத்தும் விவாதத்தை இவர் ஓர் இரவும் தவறவிடாமல், கெட்ட வார்த்தையைப் பல்லுக்கிடையில் நிறுத்திக்கொண்டு, இறுதிவரை பார்க்கிறார். இத்தனை வீடுகள் இத்தனை நிமிடம் பார்த்தன என்னும் டிஆர்பி அளவீட்டில் முறைகேடு என்ற வழக்கு எழுந்ததும், 2020 அக்டோபரில் அந்த அளவீட்டைச் செய்யும் பார்க் அமைப்பு செய்தி அலைவரிசைகளின் மதிப்பீட்டை நிறுத்தி, 2022 மார்ச்சில்தான் மீண்டும் தொடங்கியது. அளப்பவர் யாருமில்லாத அந்தப் பதினேழு மாதமும் இவர் அதே நாற்காலியில் இருந்தார். 2016 நவம்பரில் புதிய 2000 ரூபாய்த் தாளில் நானோ சிப் இருப்பதாகத் தொலைக்காட்சியில் சொன்னபோது, அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்த முதல் ஆளும் இவரே. பழைய பேப்பர்காரரிடம் கிலோவுக்கு வரும் காசைக் கழித்தால் நாளிதழின் விலை என்ன ஆகிறது என்றும், இணைய இணைப்பில் மிகக் குறைந்த கட்டணத் திட்டம் எது என்றும் கணக்குப் போட்டவர் ஆகையால், அந்த விலைக்கு எத்தனை உதவி ஆசிரியர்களையும் எத்தனை பொறியாளர்களையும் வேலைக்கு வைக்க முடியும் என்ற கணக்கு அவருக்கு எட்டாததல்ல. அது டைரியில் இல்லை, அவ்வளவுதான்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று மகன் சொல்வதுண்டு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, 1915 என்ற உதவி எண்ணும் உண்டு. பிரிவு எண்களோடு இதையெல்லாம் அண்டை வீட்டாருக்கு எடுத்துச் சொல்லும் இவர் தாம் மட்டும் போவதில்லை. தீர்ப்பு வந்துவிட்டால் புகார் முடிந்துவிடும்.

கருத்துக்கேட்புக் குறுஞ்செய்தி வரும்போதுதான் இவரது மறுபக்கம் தெரிகிறது. இணைப்பு சரியாகவில்லை, வந்த பையன் ‘தேக்ச்சி, காக்கு’ என்று பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் போனவன் திரும்பவில்லை. இருந்தும், பேசிய ஊழியருக்கு ஒன்று முதல் ஐந்துவரை எத்தனை மதிப்பெண் என்ற கேள்விக்கு இவர் ஐந்து என்றே அனுப்புகிறார், ஏனெனில் அந்த எண் போய்ச் சேர்வது நிறுவனத்துக்கல்ல, லிஃப்டில் தலையசைக்கும் ஏதோ ஒரு பெண்ணின் சம்பளத்துக்கு என்று மருமகள் சொல்லியிருக்கிறாள். நிறுவனத்துக்கானது அடுத்து வரும் ‘உங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்’ என்ற செய்தி. ஆங்கிலமானால் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து. தமிழானால் 70 மட்டுமே, உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனியே எண்ணப்படுவதால் உள்ளபடி அதிலும் குறைவு. முறையீட்டாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, டைரியைத் திறந்து வைத்து, தமிழிலேயே தொடங்குகிறார்: ‘பெருமதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மையீர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள்’.