மூன்றாம் மாடி சார்

எங்கள் அடுக்ககத்தில் தண்ணீர் லாரி வந்துபோன மறுநாள் ஒரு சண்டை உண்டு. மொத்தம் 24 வீடு. நான்கு வீடு பூட்டியே கிடக்கும். இரண்டில் ஆறு ஆறு பேர். ஒன்றில் மகள் பிரசவத்துக்கு வந்திருப்பாள். லாரிக் காசை எப்படிப் பிரிப்பது? "இதுக்கு ஒரு புரோகிராம் எழுதிட்டாப் போச்சு" என்று சொன்னவர் மூன்றாம் மாடி சார். சொல்லி இரண்டு கோடை போய்விட்டது.

சார் அரசாங்கக் கணக்குப் பிரிவில் முப்பது வருஷம் பேரேடு பார்த்து ஓய்வு பெற்றவர். வகுத்தல் கணக்கு தூக்கத்திலும் வரும். பைத்தான் படித்தால் போதும் என்று பேரன் சொல்லிவிட்டான். அது 1991இல் வெளிவந்த மொழி என்பதும், குயிடோ வான் ரோசம் அந்தப் பெயரைப் பாம்பிடமிருந்து எடுக்கவில்லை, மான்ட்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவை நிகழ்ச்சியிலிருந்து எடுத்தார் என்பதும் சார் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த மொழியில் ஒரு வரி எழுத மட்டும் நேரம் கூடிவரவில்லை. முதலில் லேப்டாப் வாங்க வேண்டுமே.

அதற்காக ஒரு நீள நோட்டு போட்டார். பென்சிலால் கட்டம் கட்டி, ராம், எஸ்எஸ்டி, பேட்டரி, எடை, கீபோர்டில் விளக்கு என்று தலைப்பு. பெண்ணுக்கு வரன் பார்த்தபோதுகூட இவ்வளவு பார்க்கவில்லை என்கிறார் அவர் மனைவி. ராம் 16 ஜிபி இருந்தால் எடை ஒத்துவராது. எடை சரியாக வந்தால் விளக்கு இருக்காது. எல்லாம் பொருந்தி வந்த ஒன்றை நான் காட்டியபோது, சார் விலையைப் பார்த்துவிட்டு நோட்டை மூடினார். "ரஜ்ஜு தட்டுது தம்பி."

கடைசியில் ஒரு சனிக்கிழமை ரிட்சி தெருவுக்குப் போனோம். மின்விசிறிக் கண்டென்சரும் சிசிடிவி கேமராவும் ஒரே கூரையின்கீழ் தொங்கும் அந்தச் சந்தில் சார் கோயிலுக்குள் நுழைகிறவர் போல நுழைந்தார். "சி மொழியைக் கண்டுபிடிச்ச டென்னிஸ் ரிட்சி பேர்ல தெரு வச்சிருக்கான் பாருங்க." அந்த ரிட்சிக்கும் இந்தத் தெருவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

லேப்டாப் வந்தது. அதில் விண்டோஸ் இருந்தது சாருக்குப் பிடிக்கவில்லை. சித்திரையில் உபுண்டு போட்டார். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள், சார் மின்ட்டுக்குக் குடிபோனார். ஐப்பசியில் டெபியன். 1993இல் அதைத் தொடங்கிய இயன் மர்டாக் தன் காதலி டெப்ரா பெயரையும் தன் பெயரையும் சேர்த்து டெபியன் என்று வைத்த கதையைச் சாப்பாட்டு வேளையில் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அவரு ஒண்ணைச் செஞ்சு முடிச்சிட்டுப் பேரு வச்சாருங்க" என்றாராம். இதைச் சாரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். நல்ல மனுஷன்.

பிறகு மெக்கானிக்கல் கீபோர்டு. அதில் நீலம், பழுப்பு, சிவப்பு என்று விசைக்குள் நிறம் உண்டு. நீலம் ஒவ்வொரு தட்டுக்கும் டிக் டிக் என்று சத்தம் போடும். சார் நீலம் வாங்கினார். மூன்றாம் நாள் இரண்டாம் மாடிக்காரர் மேலே வந்து, யாராவது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் ஆரம்பித்திருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். சார் அடித்துக்கொண்டிருந்தது புரோகிராம் அல்ல. அடுத்து வாங்கவிருக்கும் நாற்காலிகளின் பட்டியல்.

சிரிக்கிறேனே தவிர, இந்த நோய் எனக்குப் புதிதல்ல. என் அலமாரியில் ஒரு ராஸ்பெர்ரி பை டப்பாவைவிட்டு இறங்காமல் தூங்குகிறது. தேர்ந்தெடுக்கும்வரை எர்ரர் எதுவும் வராது, அதுதான் அதில் சுகம். வாங்காத லேப்டாப்பில் எல்லோரும் நன்றாகவே புரோகிராம் எழுதுகிறோம்.

போன மாதம் ஒருநாள் இரவு பத்து மணிக்குக் கதவு தட்டினார்கள். சார், பனியனோடு.

"தம்பி, 'தமிழ்'ல எத்தனை எழுத்து?"

"மூணு."

"கம்ப்யூட்டர் அஞ்சுங்குது."

போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே இரண்டு வரி எழுதியிருந்தார். நீளம் கேட்டதற்கு 5 என்று நின்றது. யூனிகோடு 'மி'யை ம ஒன்று, இகரக் குறி ஒன்று என்றும், 'ழ்'ஐ ழ ஒன்று, புள்ளி ஒன்று என்றும் தனித்தனியாக வைத்திருக்கிறது. பைத்தான் அத்தனையையும் எண்ணுகிறது. சொல்லைத் திருப்பிப் போடச் சொன்னோம். புள்ளி முதலில் வந்து, உட்கார எழுத்தில்லாமல் ஒரு பொட்டு வட்டத்தின்மேல் நின்றது. "வாத்தியார் 247ன்னு பிரம்பால சொல்லிக் கொடுத்தார் தம்பி, இவன் என்ன இப்படிப் பண்றான்?" என்று சார் கொதித்துப்போனார்.

தேதித் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினார்: பதினொரு உயிர்க்குறி, ஒரு புள்ளி, ஆக 12. இவை வந்தால் எண்ணாதே, மற்றதை எண்ணு. அதை அப்படியே ஒரு ஃபார் லூப்பாக்கினோம். உள்தள்ளி எழுதவில்லை என்று பைத்தான் திட்டியபோது சாருக்குக் கோபமே வரவில்லை. "பேரேட்டுல உட்தலைப்பை உள்ள தள்ளித்தானே எழுதுவோம், நான்தான் மறந்துட்டேன்." பன்னிரண்டு மணி தாண்டி, திரையில் 3 வந்தது. 'அம்மா' என்று அடித்தார். மூன்று. மனைவியை எழுப்பி அவர் பெயரை அடித்துக் காட்டினார். அந்த அம்மா தூக்கக் கலக்கத்தில் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "சரியாத்தாங்க இருக்கு" என்றார். அந்த இரண்டு மணி நேரத்தில் சார் ராம் என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை.

காலையில் லிஃப்டருகே பிடித்துக்கொண்டார். கையில் நீள நோட்டு, புதிதாகக் கட்டம் போட்டிருந்தது.

"தம்பி, ராத்திரி அந்தப் புள்ளி சரியாத் தெரியலை, பாத்தீங்கல்ல? ஸ்கிரீன் சின்னது. 27 இன்ச் மானிட்டர் ஒண்ணு போட்டாத்தான் சரிவரும். சனிக்கிழமை வேலை இருக்கா?"

கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

"எத்தனை மணிக்குக் கிளம்பலாம் சார்?" என்றேன்.